மேக்பெத்தின் எதிரிகளும் இரண்டு பட்டியல்களும்

கொடுங்கோல் மன்னனின் வெட்டப்பட்ட தலையை மேடைக்குக் கொண்டுவந்து காட்டும்போது பார்வையாளர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். ஏறத்தாழ 1606இல் எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் ‘மேக்பெத்’ நாடகம் அப்படித்தான் முடிகிறது. கல்லூரி வகுப்புகளில் இதைப் பேராசையின் கதை என்று சொல்லித் தருகிறார்கள். நல்ல வீரன், மூன்று சூனியக்காரிகளின் வாக்கு, மனைவியின் தூண்டுதல், மன்னர் டங்கனின் கொலை, பிறகு குற்ற உணர்ச்சி, அழிவு. தேர்வில் இதை எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும்.

எனக்கு இந்த நாடகத்தின் பின்பாதிதான் முக்கியமாகப் படுகிறது. மேக்பெத்துக்கு எதிர்ப்பு திரள்வது அங்கேதான். யார் எதிர்த்தார்கள்? எப்போது எதிர்த்தார்கள்? எதன் பேரால் எதிர்த்தார்கள்? வென்ற பிறகு யாருக்கு என்ன கிடைத்தது? இந்த நான்கு கேள்விகளோடு படித்தால், ஒரு கொடுங்கோலனை வீழ்த்துவது வேறு, அவனை உருவாக்கிய ஏணியைச் சாய்ப்பது வேறு என்பது தெரியவரும். சாதி ஒழிப்பை இலக்காகக் கொண்டவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதல்ல. ஆனாலும் ஒவ்வொரு தலைமுறையும் இதைத் திரும்பக் கற்க வேண்டியிருக்கிறது.

முதலில் செத்தவர்கள் காவலாளிகள்

டங்கன் கொலை தெரியவந்த அந்தக் காலையில் மேக்பெத் இன்னும் இரண்டு கொலைகளைச் செய்கிறான். மன்னரின் அறையில் குடித்துக் கிடந்த இரண்டு காவலாளிகளைக் குத்திக் கொல்கிறான். அவர்கள் முகத்தில் மன்னரின் ரத்தத்தைப் பூசி, பழியை அவர்கள்மீது போட ஏற்பாடு செய்தவள் அவன் மனைவி. மன்னர்மீது வைத்த அன்பினால் ஆத்திரத்தில் கொன்றுவிட்டேன் என்று அவன் விளக்கம் சொல்கிறான். ஏன் கொன்றாய் என்று மேக்டஃப் ஒருமுறை கேட்கிறான். அவ்வளவுதான். அந்தக் கேள்வியை யாரும் முன்னெடுத்துச் செல்வதில்லை. அடுத்த காட்சியில் அதே மேக்டஃப், மன்னரின் மகன்கள் பணம் கொடுத்துக் காவலாளிகளை ஏவினார்கள் என்ற அரண்மனையின் கதையை ராஸ் என்ற பிரபுவிடம் ஒப்பிக்கிறான். நம்பிச் சொன்னானா, பயந்து சொன்னானா என்று நாடகம் சொல்வதில்லை.

நாடகத்தின் இறுதியில் நீதி நிலைநாட்டப்பட்டதாக அறிவிக்கப்படுகிறது. அந்த இரண்டு காவலாளிகளின் பெயர் அப்போதும் துடைக்கப்படுவதில்லை. அவர்களுக்கு முதலில் பெயரே கிடையாது.

இன்னொரு செய்தியும் உண்டு. கொலை நடந்த இரவில் இயற்கையே தலைகீழானது என்று ராஸும் ஒரு முதியவரும் பேசிக்கொள்கிறார்கள். அவர்கள் சொல்லும் தீய சகுனங்களில் ஒன்று: உயரப் பறந்த வல்லூறை, எலி பிடித்துத் தின்னும் ஆந்தை ஒன்று அடித்துக் கொன்றுவிட்டது. கீழே இருப்பது மேலே இருப்பதைத் தொட்டால் அதுதான் அவர்களுக்கு உலக அழிவு. மேக்பெத் செய்த கொலையை இவர்கள் அளக்கும் கோல் எது என்பதை இந்த ஒரு சகுனமே காட்டிவிடுகிறது.

சந்தேகப்பட்டவர்கள் செய்தது என்ன?

பாங்கோவுக்குத் தொடக்கத்திலேயே தெரியும். சூனியக்காரிகள் சொன்னபோது மேக்பெத்தின் பக்கத்தில் நின்றவன் அவன்தான். மேக்பெத் குற்றம் செய்துதான் அரசனாகியிருக்கிறான் என்று தனியாக நின்று சொல்லிக்கொள்கிறான். ஆனால் வாயைத் திறப்பதில்லை. ஏனென்றால் அவனுடைய வாரிசுகள் அரசர்களாவார்கள் என்றும் அதே சூனியக்காரிகள் சொல்லியிருக்கிறார்கள். ஒரு வாக்கு பலித்துவிட்டது, அடுத்தது பலிக்கட்டும் என்று காத்திருக்கிறான். தனக்கும் ஒரு பங்கு வரும் என்று எதிர்பார்ப்பவனின் மௌனம் அது. கடைசியில் அவனையே ஆள் வைத்துக் கொன்றார்கள்.

லெனாக்ஸ் என்ற பிரபுவை வகுப்பறைகளில் யாரும் கண்டுகொள்வதில்லை. நான் இந்த நாடகத்தின் மிக உண்மையான அரசியல் பாத்திரம் என்று அவனைத்தான் சொல்வேன். கொலை நடந்த வீட்டில் இருக்கிறான். மேக்பெத்தின் விருந்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறான். மூன்றாம் அங்கத்தின் கடைசியில் இன்னொரு பிரபுவிடம் நக்கலாகப் பேசுகிறான். டங்கனுக்காக மேக்பெத் எவ்வளவு வருந்தினான் பாருங்கள், அந்தக் காவலாளிகளைக் கொன்றது எவ்வளவு புத்திசாலித்தனம் பாருங்கள் என்ற பாணியில். எல்லாம் தெரிந்தவனின் பேச்சு. பிடிபட்டால் புகழ்ந்துதான் பேசினேன் என்று சொல்லித் தப்பிக்கவும் வழி வைத்திருக்கிறான்.

அதற்கு அடுத்த காட்சியிலேயே அவன் மேக்பெத்தின் பக்கத்தில் நிற்கிறான். மேக்டஃப் இங்கிலாந்துக்குத் தப்பிப் போய்விட்டான் என்ற செய்தியை மேக்பெத்திடம் உறுதிப்படுத்துபவன் அவன்தான். அதைக் கேட்ட கணத்தில்தான் மேக்டஃபின் கோட்டையைத் தாக்கி, அவன் மனைவியையும் குழந்தைகளையும் கொல்ல மேக்பெத் முடிவெடுக்கிறான். ஐந்தாம் அங்கத்தில் பார்த்தால் லெனாக்ஸ் புரட்சிப் படையோடு நடந்து வருகிறான். எங்கே, எப்போது மாறினான் என்று யாரும் கேட்கவில்லை. காற்றடித்த பக்கம் போனான். இத்தகையவர்கள் எல்லா ஆட்சியிலும் இருப்பார்கள்.

பெயரில்லாத ஒருவர்

மேக்டஃபின் கோட்டைக் காட்சிக்கு வருவோம். கொலைகாரர்கள் வருவதற்கு முன்பு இரண்டு பேர் மேக்டஃபின் மனைவியைப் பார்க்க வருகிறார்கள். முதலாவது ராஸ். சொந்தக்காரன், பிரபு, வாளும் ஆட்களும் உள்ளவன். காலம் கொடியது என்கிறான், வருந்துகிறான், இதற்குமேல் நின்றால் அழுதுவிடுவேன், எனக்கு அவமானம், உங்களுக்குச் சங்கடம் என்று சொல்லிக் கிளம்பிவிடுகிறான். அவளையும் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போகவில்லை.

இரண்டாவதாக வருபவர் பெயரில்லாத ஒரு தூதர். உங்களுக்கு என்னைத் தெரியாது, உங்களை எனக்குத் தெரியும், சாதாரண மனிதன் சொல்வதைக் கேட்பீர்களானால் குழந்தைகளோடு உடனே இங்கிருந்து போய்விடுங்கள் என்று எச்சரிக்கிறார். அதற்குமேல் நிற்க எனக்குத் துணிவில்லை என்று சொல்லி ஓடுகிறார். ஒவ்வொரு பிரபுவின் வீட்டிலும் கூலி வாங்கும் உளவாளி ஒருவனை வைத்திருக்கிறேன் என்று மேக்பெத் முன்பே சொல்லியிருக்கிறான். அப்படிப்பட்ட நாட்டில் அந்த மனிதர் வந்து சொன்னது உயிரைப் பணயம் வைத்த செயல். நாடகம் முழுவதிலும் எந்தப் பதவியும் எதிர்பார்க்காமல், எந்தப் பழிவாங்கலும் மனதில் இல்லாமல் செய்யப்பட்ட ஒரே எதிர்ப்பு இதுதான் என்பேன். பத்து வரிகளுக்குள் அவர் பாத்திரம் முடிந்துவிடுகிறது. அவருக்கு என்ன ஆனது என்று யாருக்கும் தெரியாது. ராஸ் கடைசிவரை இருக்கிறான், வெற்றி விழாவிலும் இருக்கிறான்.

இங்கிலாந்தில் நடந்த பேரம்

டங்கனின் மகன் மால்கம் இங்கிலாந்து அரண்மனையில் அடைக்கலம் புகுந்திருக்கிறான். மேக்டஃப் அவனைத் தேடிப் போய்ப் படை திரட்டக் கேட்கிறான். மேக்பெத்தின் ஆள்தானோ என்று சந்தேகப்பட்டு மால்கம் அவனைச் சோதிக்கிறான். தன்னை மேக்பெத்தைவிடக் கெட்டவனாகக் காட்டிக்கொள்கிறான்.

எனக்கு அடங்காத காமம் உண்டு, உங்கள் மனைவியரும் மகள்களும் போதமாட்டார்கள் என்கிறான். மேக்டஃபின் பதில் என்ன? அது கெட்டதுதான், ஆனால் பரவாயில்லை, நாட்டில் இணங்கும் பெண்கள் நிறைய இருக்கிறார்கள், ரகசியமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்பதுதான். எனக்குப் பேராசை உண்டு, மற்றவர்களின் நிலத்தையும் நகையையும் பறிப்பேன் என்கிறான் மால்கம். அது இன்னும் மோசம், ஆனாலும் ஸ்காட்லாந்தில் செல்வம் இருக்கிறது, தாங்கிக்கொள்ளலாம் என்கிறான் மேக்டஃப். அரசனுக்குரிய எந்த நற்குணமும் என்னிடம் இல்லை, உலக அமைதியையே குலைப்பேன் என்று மால்கம் சொன்ன பிறகுதான் மேக்டஃப் கதறுகிறான். உடனே மால்கம், நான் சொன்னதெல்லாம் பொய், உன்னைச் சோதித்தேன் என்கிறான்.

மால்கம் பொய் சொன்னான், சரி. மேக்டஃப் சொன்னது பொய்யா? எதிர்ப்பின் தலைமைக்கு வேண்டியது ‘சரியான ரத்தம்’ உள்ள அரசன். அவன் வரவேண்டும் என்பதற்காக நாட்டின் பெண்களையும் எளியவர்களின் உடைமைகளையும் விலையாகப் பேச மேக்டஃப் தயாராக இருந்தான். கொடுங்கோன்மைக்கு எதிரான முன்னணி ஒன்றில் யாருடைய துன்பம் ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒதுக்கப்படுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சியை நான் படித்ததில்லை.

அதே காட்சியில்தான் இங்கிலாந்து மன்னர் எட்வர்டின் தொடுகை பற்றிப் பேசுகிறார்கள். கழுத்தில் கட்டி கட்டியாக வீங்கும் ஒரு நோயை அவர் தொட்டால் குணமாகுமாம். அந்த ஆற்றல் அவருடைய வாரிசுகளுக்கும் பிறப்பால் இறங்குமாம். இங்கிலாந்து மன்னர்கள் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை இந்தச் சடங்கைச் செய்துகொண்டிருந்தார்கள். பிறப்பால் ஒருவனின் தொடுகை புனிதம் என்று சொல்பவன், பிறப்பால் இன்னொருவனின் தொடுகை தீட்டு என்று சொல்ல அதிக தூரம் போகவேண்டியதில்லை. மேக்பெத்தை எதிர்க்கும் அணி தன் நியாயத்தை இந்தப் புனிதத் தொடுகையின் நிழலில்தான் நின்று பேசுகிறது.

இரண்டு பட்டியல்கள்

பாங்கோவைக் கொல்ல மேக்பெத் வறுமையில் நொந்த இரண்டு பேரைப் பிடிக்கிறான். உங்கள் துன்பத்துக்குக் காரணம் நான் அல்ல, பாங்கோதான் என்று சொல்லி அவர்களை மாற்றுகிறான். நாங்களும் மனிதர்கள்தானே என்கிறான் ஒருவன். மேக்பெத் சொல்லும் பதிலை நான் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். வேட்டை நாய், ஓட்ட நாய், கலப்பு நாய், தெரு நாய் எல்லாமே நாய் என்ற பெயரில்தான் அடங்குகின்றன. ஆனால் தரவரிசைப் பட்டியல் என்று ஒன்று இருக்கிறது. வேகமானது எது, மந்தமானது எது, வீடு காப்பது எது, வேட்டையாடுவது எது என்று இயற்கை தந்த குணத்தை வைத்து அது ஒவ்வொன்றுக்கும் ஓரிடம் கொடுக்கிறது. மனிதர்களும் அப்படித்தான். அந்தப் பட்டியலில் நீங்கள் கடைசி இடத்தில் இல்லை என்றால், அதைக் காட்டுங்கள் என்கிறான். காட்டுவதற்கு வழி, கொலை.

படிநிலைச் சமத்துவமின்மை என்று அம்பேத்கர் எதைச் சொன்னாரோ, அதன் வேலை முறை இந்த ஒரு பேச்சில் இருக்கிறது. கடைசிப் படியில் இல்லை என்று காட்டிக்கொள்ளும் ஆசையே அடியாட்களைத் தயாரிக்கிறது. மேலே இருப்பவன் கையில் ரத்தம் படுவதில்லை.

இப்போது அடுத்த பட்டியலைப் பாருங்கள். புரட்சிப் படை டன்சினேன் கோட்டையை நோக்கி வரும்போது லெனாக்ஸ் சொல்கிறான்: படையில் உள்ள குடிப்பிறந்தவர்கள் அனைவரின் பட்டியலும் என்னிடம் இருக்கிறது. படைத்தளபதி சிவார்டின் மகனும், இன்னும் மீசை முளைக்காத இளைஞர்களும் அதில் இருக்கிறார்களாம். மேக்பெத்தும் லெனாக்ஸும் ‘பட்டியல்’ என்பதற்குப் பயன்படுத்தும் ஆங்கிலச் சொல்லும் ஒன்றுதான். பர்னம் காட்டின் கிளைகளை வெட்டி முன்னால் பிடித்துக்கொண்டு நடந்த ஆயிரக்கணக்கான வீரர்கள் அந்தப் பட்டியலில் கிடையாது. இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் மட்டும் பத்தாயிரம் பேர் என்று நாடகமே சொல்கிறது.

ஆனால் மேக்பெத்தை வீழ்த்தியவர்கள் அவர்கள்தான். பெரியவர்களும் சிறியவர்களும் அவனைக் கைவிட்டார்கள், மிஞ்சியவர்கள் கட்டாயத்தால் நிற்கிறார்கள், அவர்கள் மனம் அங்கே இல்லை என்று மால்கம் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறான். கோட்டை பெரிய சண்டை இல்லாமலே கைமாறுகிறது. மேக்பெத்தின் படைவீரர்களே எதிரணியோடு சேர்ந்து நின்று போரிடுகிறார்கள். அரசியல்ரீதியாக இந்த நாடகத்தின் மிகப் பெரிய நிகழ்ச்சி இதுதான். நாடகம் அதை ஓரத்தில் வைத்துவிட்டு மேக்டஃபின் வாள்சண்டையைக் காட்டுகிறது.

போர் முடிந்ததும் சிவார்ட், இவ்வளவு பெரிய வெற்றி மலிவாகக் கிடைத்திருக்கிறது என்கிறான். இறந்தவர்களில் அவன் மகனின் பெயர் மட்டுமே சொல்லப்படுகிறது. மால்கம் தன் முதல் ஆணையை அறிவிக்கிறான். என் பிரபுக்களே, இன்று முதல் நீங்கள் ஏர்ல்கள் என்கிறான். ஸ்காட்லாந்தில் அந்தப் பட்டம் அதற்கு முன்பு இருந்ததில்லை. புதிய ஆட்சி செய்த முதல் காரியம், ஏணியில் மேலே இன்னொரு படி சேர்த்தது.

மேக்பெத்தைப் பற்றி ஆங்கஸ் என்ற பிரபு சொன்ன குறையும் இதோடு பொருந்துகிறது. பூதத்தின் அங்கியைத் திருடிப் போட்டுக்கொண்ட குள்ளனைப் போல அரச பட்டம் அவன்மேல் தொளதொளவென்று தொங்குகிறது என்கிறான். அங்கி பொருந்தவில்லை என்பதுதான் அவன் புகார். அப்படியொரு அங்கி எதற்கு என்று அந்த அணியில் ஒருவரும் கேட்கவில்லை.

அந்தக் காலத்தை அந்தக் காலத்தின் கண்ணால் பார்க்கவேண்டாமா?

நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய நாடகத்திடம் இன்றைய கேள்விகளைக் கேட்கலாமா என்று சிலர் சொல்வார்கள். அந்தக் காலத்திலேயே இந்தக் கேள்விகள் இருந்தன என்பதுதான் என் பதில்.

1603இல் இங்கிலாந்தின் அரியணை ஏறிய ஜேம்ஸ், பாங்கோவின் வழித்தோன்றல் என்று சொல்லிக்கொண்டவர். ஷேக்ஸ்பியர் கதையை எடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் பாங்கோ கொலைக்கு உடந்தை. நாடகத்தில் அந்தக் கறை கழுவப்பட்டது. வரலாற்று மேக்பெத் டங்கனைப் படுக்கையில் கொல்லவில்லை. 1040இல் நடந்த போரில் டங்கன் இறந்தார். மேக்பெத் 17 ஆண்டுகள் ஆண்டார். 1050இல் ரோமுக்குப் புனிதப் பயணம் போகும் அளவுக்கு அவருடைய ஆட்சி நிலையாக இருந்தது. தந்தைக்குப் பின் மகன் என்ற வாரிசுமுறையும் அன்றைய ஸ்காட்லாந்தில் உறுதிப்படவில்லை.

ஜேம்ஸின் சிறுவயது ஆசிரியர் ஜார்ஜ் புக்கானன் 1579இல் ஒரு நூல் வெளியிட்டார். அரசனின் அதிகாரம் மக்களிடமிருந்து வருவது, கொடுங்கோலனை மக்கள் எதிர்க்கலாம், கொல்லவும் செய்யலாம் என்று அதில் வாதிட்டார். ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் 1584இல் அந்த நூலைக் கண்டித்தது. மாணவர் ஜேம்ஸ் 1598இல் எழுதிய நூலோ, அரசன் கொடியவனாகவே இருந்தாலும் குடிகள் கடவுளிடம் மன்றாடலாம், தப்பியோடலாம், எதிர்த்து எழக்கூடாது என்றது. மேக்பெத்தின் பிரபுக்கள் நெடுநேரம் செய்வது இந்த இரண்டையும்தான்: பிரார்த்தனையும் ஓட்டமும். உரிமையுள்ள வாரிசு வாளெடுத்த பிறகுதான் எதிர்ப்பு ‘நியாயம்’ ஆகிறது.

நாடகம் எழுதப்பட்ட மறு ஆண்டு, 1607இல், ஷேக்ஸ்பியர் பிறந்த வார்விக்‌ஷயர் உள்ளிட்ட மத்திய இங்கிலாந்து மாவட்டங்களில் உழவர்கள் எழுந்தார்கள். பொது நிலங்களைப் பண்ணையார்கள் வேலியிட்டுக்கொண்டதற்கு எதிராக வேலிகளைப் பிடுங்கினார்கள். நார்த்தாம்ப்டன்‌ஷயரின் நியூட்டன் என்ற ஊரில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஆக, கீழேயிருந்து எழும் எதிர்ப்பு அந்தக் காலத்துக்குத் தெரியாத ஒன்றல்ல.

ஷேக்ஸ்பியருக்கும் தெரியாததல்ல. ஏறத்தாழ அதே ஆண்டுகளில் எழுதிய ‘லியர் மன்னன்’ நாடகத்தில் கார்ன்வால் பிரபு ஒரு முதியவரின் கண்ணைப் பிடுங்குகிறான். சுற்றி நிற்பவர்களில் பெயரில்லாத ஒரு வேலைக்காரர், சிறுவயது முதல் உங்களுக்கு ஊழியம் செய்கிறேன், இப்போது உங்களைத் தடுப்பதுதான் நான் செய்யும் சிறந்த ஊழியம் என்று வாளை உருவுகிறார். கார்ன்வாலின் மனைவி ரீகனுக்கு வரும் முதல் ஆத்திரம், ஒரு குடியானவன் இப்படி எழுந்து நிற்பதா என்பதுதான். முதுகில் குத்தி அவரைக் கொல்கிறாள். பிணத்தைக் குப்பைமேட்டில் போடச் சொல்கிறார்கள். ஆனால் அவர் ஏற்படுத்திய காயத்தால் கார்ன்வால் சாகிறான். எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒருவர் கொடுங்கோலன் ஒருவனை முடித்துவைக்கிறார்.

1936

1936 ஏப்ரலில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில், லஃபாயெட் அரங்கில், நூறுக்கும் மேற்பட்ட கறுப்பினக் கலைஞர்கள் ‘மேக்பெத்’தை நடித்தார்கள். அரசின் வேலைவாய்ப்புத் திட்டத்தில் உருவான நாடகக்குழு அது. இயக்கிய ஆர்சன் வெல்ஸுக்கு வயது 20. கதை ஹெய்ட்டி தீவுக்கு மாற்றப்பட்டிருந்தது. மேக்பெத்துக்குச் சாயலாக அமைந்தவர் ஹென்றி கிறிஸ்டோஃப்.

கிறிஸ்டோஃப் ஹெய்ட்டி விடுதலைப் போரின் தளபதிகளில் ஒருவர். அடிமைகள் போராடி வென்ற அந்த நாட்டின் வடபகுதியில் 1811இல் தன்னை அரசராக அறிவித்துக்கொண்டார். உடனே கோமகன், பிரபு என்று பட்டங்களை உண்டாக்கினார். விடுதலை பெற்ற மக்களைத் தோட்டங்களிலும் மலைக்கோட்டை கட்டுவதிலும் கட்டாய வேலை செய்யவைத்தார். 1820இல் அவருடைய படைவீரர்களே கிளர்ந்தெழுந்தார்கள். அவர் தன்னைச் சுட்டுக்கொண்டார். அதன்பின் நாடு முழுவதையும் ஆண்ட போயே, 1826இல் உழவர்களைத் தோட்டங்களோடு கட்டிப்போடும் சட்டத்தைக் கொண்டுவந்தார். அரசன் போனான். நிலமும் உழைப்பும் பற்றிய கணக்கு மாறவில்லை.

ஹார்லெமில் அந்த நாடகம் ஓடிக்கொண்டிருந்த 1936 மே மாதத்தில்தான் அம்பேத்கரின் ‘சாதி ஒழிப்பு’ நூலாக வந்தது. லாகூரில் சாதி எதிர்ப்புச் சங்கம் ஒன்று அவரைத் தலைமையுரைக்கு அழைத்திருந்தது. சாதிக்கு ஆதாரமான சாஸ்திரங்களை அவர் கேள்வி கேட்கப்போகிறார் என்று தெரிந்ததும் அவர்கள் தயங்கினார்கள், மாற்றச் சொன்னார்கள். அவர் ஒரு காற்புள்ளியைக்கூட மாற்ற மறுத்தார். மாநாடு நடக்கவில்லை. சாதியை எதிர்ப்பதாகச் சொன்னவர்களே அங்கியை மட்டும் குறை சொல்ல விரும்பினார்கள்.

கொடுங்கோலனை எதிர்ப்பதில் நமக்குத் தயக்கம் தேவையில்லை. மேக்பெத் வீழவேண்டியவன். அவனுக்கு எதிராக மேக்டஃபோடும் ராஸோடும், ஏன், லெனாக்ஸோடும்கூட ஒரே படையில் நடக்க நேரலாம். அரசியலில் அது தவிர்க்க முடியாதது. ஆனால் கிளையைத் தூக்குவதற்கு முன்பு பேச வேண்டியதைப் பேசிவிட வேண்டும். காவலாளிகள்மீது சுமத்திய பழியை யார் துடைப்பது? பெண்களைப் பேரம் பேசியவனிடம் யார் கணக்குக் கேட்பது? பட்டியல் யார் கையில் இருக்கும்? வெற்றிக்குப் பிறகு கேட்கலாம் என்று விட்டால், அன்று மால்கம் பட்டங்களை அறிவித்துக்கொண்டிருப்பான், நாம் கைதட்டும் கூட்டத்தில் நின்றுகொண்டிருப்போம்.